மூன்றாண்டுத் தவணை: பர்மாவில் நகரத்தார் முகவர் வாழ்வும் அதன் விளைவும்

1. தோற்றுவாய்

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதியதன்று. சங்க இலக்கியத்துள் பாலைத்திணைப் பாடல்களிற் பெரும்பாலன அப்பிரிவையே பொருளாகக் கொண்டன. தலைவன் கடந்து சென்ற சுரத்தின் வெம்மையும், தலைவி நாள் எண்ணிச் சுவரில் இட்ட கோடுகளும் நாம் நன்கறிந்தவை. கடல்வழிச் செல்லும் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் விதித்தார். அவ்விதியை ஏட்டளவில் நிற்கும் பழைய மரபென்றே பலரும் கருதுவர். ஆனால் தமிழ்நாட்டு வணிகக் குடியினருள் ஒரு சாராரிடத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும் அது நடைமுறையில் இருந்துவந்தது. அவர்தாம் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

நகரத்தார் பர்மாவிற் செய்த வட்டித் தொழில் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. ஒரு சாரார், அவர் பர்மிய உழவரின் நிலத்தைக் கவர்ந்தவர் என்பர். மற்றொரு சாரார், காடு திருத்திக் கழனியாக்கப் பொருள் உதவியவர் அவரே என்றும், கைம்மாறாக அவர் பெற்றது இழப்பே என்றும் கூறுவர். இவ்விரு கூற்றும் பணத்தையே நோக்குகின்றன; அப்பணத்தைக் கையாண்ட மனிதரின் வாழ்க்கை ஏற்பாட்டை நோக்கவில்லை. இரங்கூனிலும் பெகுவிலும் கடைப்பெட்டியின் முன் அமர்ந்து கடன் கொடுத்தவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி அனுப்பப்பட்ட முகவரே ஆவர். அத்தவணை முறையே நகரத்தார் தொழிலை உயர்த்தியது. அதுவே அவரை அந்நாட்டில் இறுதிவரை அயலாராகவும் வைத்தது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பர்மாவுக்குச் சென்ற வழி

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அமைந்த எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களின் தொகுதி. மழை குறைந்த செம்மண் நிலம். உழவை மட்டும் நம்பி வாழ்தற்கு இயலாத இடம். அவ்வூரார் உப்பும் நெல்லும் வாணிகம் செய்து, பின்னர் இலங்கைக்கும் மலேயாக் கரைக்கும் சென்று கொடுக்கல் வாங்கலில் தேர்ச்சி பெற்றனர். அயல்நாடு சென்று தொழில் செய்வதைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என அவர் குறிப்பிடுவர். கொண்டு விற்றல் என்னும் பழைய வணிகச் சொல்லாட்சி பேச்சில் அவ்வாறு நின்றது. சரக்கை விட்டுப் பணத்தைக் கொண்டுபோய் வட்டிக்கு விடும் காலத்திலும் அச்சொல் மாறவில்லை.

இன்று மியன்மா எனப்படும் பர்மா, மூன்று போர்களின் வாயிலாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1826இல் அரக்கானும் தெனாசரிமும், 1852இல் கீழ்ப் பர்மாவும், 1885இல் மேல் பர்மாவும் அவர் கைக்கு வந்தன. மோல்மேன் துறைமுகத்தில் தொடங்கிய நகரத்தார் தொழில், 1852க்குப் பின் இரங்கூனில் வேர்கொண்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பியச் சந்தை நெருங்கிற்று. அரிசியின் தேவை பெருகிற்று. ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் காடும் சதுப்புமாய்க் கிடந்த நிலம் வயலாகத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பத்து இலட்சம் ஏக்கர் அளவில் இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் விளைநிலம், 1930ஆம் ஆண்டளவில் எண்பது இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன், உலகில் மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மாவே.

காடு வெட்டவும், எருது வாங்கவும், அறுவடை வரை உண்ணவும் உழவனுக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் சிற்றூர் உழவனை அறியா. அவனுக்கு நேரே கடன் கொடுக்கவும் முன்வாரா. அவ்விடைவெளியை நிரப்பியவர் நகரத்தார். 1929-30இல் பர்மாவில் ஆராய்ச்சி நிகழ்த்திய மாகாண வங்கி விசாரணைக் குழு, மக்கள் செறிந்த கீழ்ப் பர்மாப் பகுதிகளில் எந்த உழவனுக்கும் ஒரு நாள் நடைத்தொலைவில் ஒரு செட்டியார் கடை உண்டு என்னும் கருத்தைத் தெரிவித்தது. அக்காலத்தில் பர்மாவில் அவர் கடைகள் ஏறத்தாழ 1,650. அவற்றில் இயங்கிய முதல் 65 கோடி முதல் 75 கோடி ரூபாய் வரை என மதிப்பிடப்பட்டது.

3. முகவர் ஏற்பாடு

ஆயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட கடைகளை முதலாளிகள் தாமே நடத்துதல் இயலாது. அவருட் பலர் செட்டிநாட்டிலிருந்தே தொழிலை ஆண்டனர். கடையை நடத்த அனுப்பப்பட்டவர் முகவர். அவரை மேலாள் என்றும் வழங்குவர். அவர்க்கு அடுத்த நிலையில் இருந்தவர் அடுத்தாள். கடைப்பெட்டியின் அருகிருந்து பணம் எண்ணியும் ஏவல் செய்தும் தொழில் பழகிய சிறுவன் பெட்டியடிப் பையன். இப்பெயர்கள் பதவியைக் குறிப்பதோடு, ஒருவன் வாழ்நாளில் ஏறிச் செல்லும் படிகளையும் குறித்தன. ஊர்த் திண்ணையில் முந்திரி, காணி முதலிய கீழ்வாய் எண்களையும் வட்டிக் கணக்கையும் பயின்ற சிறுவன், பெட்டியடியாகக் கப்பலேறி, சில தவணைகளில் அடுத்தாளாகி, திறமுடையவனாயின் மேலாளும் ஆவான். கையில் சிறிது பொருள் சேர்ந்தபின் உறவினரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தக் கடை வைத்தலும் உண்டு. பொருளில்லாத வீட்டுப் பிள்ளையும் உயர்தற்கு இவ்வேற்பாடு வழி வகுத்தது என்பதை மறத்தல் ஆகாது.

முதலாளிக்கும் முகவருக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை பொதுவாக மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்தாரிடம் கொடுக்கப்படும். உணவும் உறைவிடமும் கடையின் பொறுப்பு. தவணை முடிந்து கணக்கு ஒப்புவித்தபின், தொழிலில் ஆதாயம் இருப்பின் அதில் ஒரு பங்கு முகவருக்குக் கிடைக்கும். அதன்பின் அவர் ஊரில் சில காலம் தங்கி, மீண்டும் அதே கடைக்கோ வேறு கடைக்கோ செல்வார். முகவருக்குக் கடையின் பெயரில் கடன் வாங்கவும் கொடுக்கவும் வழக்காடவும் முழு உரிமை இருந்தது. கடல் கடந்த தொலைவில் இருந்த முதலாளி அவரை நம்பியே ஆகவேண்டும். அந்நம்பிக்கைக்குக் காவலாக நின்றவை பேரேடும், காலந்தோறும் ஊருக்கு அனுப்பப்பட்ட ஐந்தொகையும், இவற்றினும் மேலாக உறவும் கோவிலும் ஆம். ஒன்பது நகரக் கோவில்களுள் ஒன்றைச் சார்ந்தவனாக ஒவ்வொரு நகரத்தானும் எண்ணப்பட்டான். பர்மாவில் நாணயம் தவறியவன், ஊரில் பெண் கொடுப்பாரும் கொள்வாரும் இன்றித் தனித்து நிற்க நேரும்.

இத்தவணை முறையினால் விளைந்த நன்மைகளை எண்ணுதல் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய மேலாள் வந்து பழைய மேலாளின் கணக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்வான். வாராக் கடனை மறைத்து வைத்தல் அதனால் அரிதாயிற்று. ஆதாயத்திற் பங்கு உண்டு என்னும் எண்ணம் முகவரை ஊக்கிற்று. பணம் ஓரிடத்தில் முடங்காமல் சுழன்றது. இரங்கூனில் முகல் தெருவிலுள்ள தம் கோவிலில் திங்கள்தோறும் கூடி, தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை அவர் உறுதிசெய்தனர். ஒரு கடைக்கு முடை வந்தால் மற்றக் கடைகள் உதவின. இத்தகைய ஒழுங்கினாலேயே ஐரோப்பிய வங்கிகளும் நகரத்தார் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுத்தன.

4. கிட்டங்கி வாழ்வு

நகரத்தார் கீழ்நாடுகளில் தங்கித் தொழில் செய்த கட்டடங்கள் கிட்டங்கி எனப்பட்டன. நீண்டதொரு கூடம், சுவரோரமாக வரிசையாய்ச் சிறு சாய்வுப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. பகலில் தொழில் நடந்த இடத்திலேயே இரவில் பாய் விரித்து உறங்குவர். ஊர்ச் சமையல், தமிழ் ஆண்டுக் கணக்கு, தண்டாயுதபாணி வழிபாடு, தைப்பூசம் என யாவும் செட்டிநாட்டை ஒத்திருந்தன. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் கோவிலுக்கென மகமை எடுத்து வைத்தனர். பர்மாவில் அவர் சென்ற ஊர்தோறும் கோவில் எழுந்தது அம்மகமையினால்தான்.

புதிதாய் வந்த பதினைந்து வயதுப் பையனுக்கு இவ்வாழ்க்கை பாதுகாப்பாக இருந்திருக்கும். மொழியும் முகமும் தெரியாத நாட்டில், சொந்த ஊர்ப் பேச்சும் சொந்த ஊர் உணவும் காத்திருந்தன. ஆனால் அப்பாதுகாப்பே வேலியும் ஆயிற்று. கடன் கொடுத்தற்கு வேண்டிய அளவு பர்மிய மொழியை முகவர் கற்றனர்; அதற்குமேற் கற்க அவர்க்குத் தேவை நேரவில்லை. மூன்றாண்டுக்குப் பின் விட்டுப் போகும் ஊரில் வீடு கட்டுவாரும் மரம் நடுவாரும் சிலரே. அந்நாட்டு மக்களோடு அவர்க்கிருந்த உறவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்பட்ட உறவாகவே இருந்தது.

பதினெட்டு வயதில் முதற்பயணம் சென்று ஐந்து தவணை முடித்த ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இடையிடையே ஊரில் தங்கிய காலம் நீங்க, அவர் பர்மாவில் கழித்தது பதினைந்து ஆண்டு. அப்பதினைந்து ஆண்டில் அவர் மனைவியோடு வாழ்ந்த நாள்கள் எண்ணத்தக்கன. மகன் பிறந்த செய்தி கடிதத்தில் வரும். தந்தை இறந்த செய்தியும் கடிதத்திலேயே வரும். அவற்றுக்காகத் தவணையை முறித்துக் கப்பலேறுதல் எளிதன்று. சங்கப் பாடலின் தலைவன் கார்காலத்தில் மீள்வேன் என்று கூறிச் சென்றான். நகரத்தார் முகவர் குறித்த பருவமோ மூன்று கார்காலங்களுக்கு அப்பால் இருந்தது.

5. ஊரில் இருந்தோர்

தவணை வாழ்வின் மறுபாதி செட்டிநாட்டில் நிகழ்ந்தது. ஆடவர் நீங்கிய வீடுகளில் ஆச்சிமார் இல்லத்தையும், நிலபுலத்தையும், பிள்ளைகளின் கல்வியையும், உறவுமுறைச் சிறப்புகளையும் தாமே ஏற்று நடத்தினர். அவர்தம் திறமையைச் செட்டிநாட்டார் இன்றும் பாராட்டுவர். இங்கு வரலாற்றாசிரியர் நோக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. மகளிர் திருமணத்திற் பெற்ற பணம் வீட்டுப் பெட்டியிற் கிடக்கவில்லை. ஆச்சிமார் பணம் என்னும் பெயரில் அது கடைகளில் வைப்பாக இடப்பட்டு வட்டி ஈட்டிற்று. எனவே பர்மாவில் ஓர் உழவன் கடனைத் திருப்பித் தராதபோது, அது கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருந்த ஒரு பெண்ணின் பொருளையும் தொட்டது. கடலைக் கடவாத மகளிரும் கடலுக்கு அப்பாலுள்ள தொழிலின் பங்காளிகளாய் இருந்தனர்.

ஈட்டிய பொருள் செட்டிநாட்டில் வீடுகளாயிற்று. பர்மாத் தேக்கால் அமைந்த தூண்களும் கதவுகளும் கொண்ட பெருமனைகள் எழுந்தன. திருமணம் முதலிய சிறப்புகளுக்கென அமைந்த அவ்வகன்ற முகப்புகளும் வளவுகளும் ஆண்டின் பெரும்பகுதி ஆளின்றிக் கிடந்தன. பாடல் பெற்ற தலங்கள் பலவற்றின் திருப்பணிக்கும் பாடசாலைகளுக்கும் நகரத்தார் பொருள் சென்றது. 1929இல் அண்ணாமலை நகரில் தோன்றிய பல்கலைக்கழகம், பர்மாவில் பெருந்தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த அண்ணாமலை செட்டியாரின் கொடையால் எழுந்தது. தமிழ் ஆராய்ச்சியின் கட்டடங்களுக்கு ஐராவதிக் கரையின் நெல்லும் ஒருவகையில் அடிக்கல் ஆயிற்று எனின் மிகையாகாது.

6. நிலம் கைக்கு வந்தமை

நகரத்தார் பர்மாவுக்குச் சென்றது நிலம் தேடியன்று. தவணை முறையில் நிலம் ஒரு சுமை. பணத்தை எண்ணி அடுத்த மேலாளிடம் ஒப்புவிக்கலாம். நிலத்தை அவ்வாறு ஒப்புவித்தல் இயலாது. ஐந்தொகையில் நிலம் என்பது முடங்கிய முதல், வட்டி ஈட்டாதது. ஆதலின் ஈட்டின்மேல் கடன் கொடுத்த கடைகள், அவ்வீட்டைக் கைக்கொள்ளாது வட்டியைப் பெறுவதையே விரும்பின.

இந்நிலையை மாற்றியது 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை ஓரிரண்டு ஆண்டுகளில் பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. உழவனால் முதலையும் தர இயலவில்லை. வட்டியையும் தர இயலவில்லை. நகரத்தாருக்குப் பணம் கொடுத்திருந்தவரோ அதனைத் திரும்பக் கேட்டனர். ஈடு வைத்த நிலங்கள் வேறு வழியின்றிக் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் வசமிருந்த நிலம் 5,70,000 ஏக்கர். அது மொத்த விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் அது 24,46,000 ஏக்கராயிற்று. நூற்றுக்கு 25 பங்கு. ஏழாண்டில் நான்கு மடங்கு பெருகிய இந்நிலத்தைச் செல்வப் பெருக்கம் என்று கொள்ளுதல் பிழை. வாராக் கடன் நிலத்தின் வடிவில் உறைந்து நின்றது என்பதே உண்மை. ஆதாயம் இன்மையால் முகவர்க்குப் பங்கும் இல்லாதாயிற்று.

எனினும் நிலமிழந்த பர்மிய உழவன் ஐந்தொகையைப் பார்த்தானல்லன். தன் பாட்டன் திருத்திய வயல் அயலான் பெயரில் எழுதப்பட்டதையே பார்த்தான். அதற்குமேல் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. உழத் தெரியாத, மூன்றாண்டில் ஊர் திரும்பவேண்டிய மேலாள் அந்நிலத்தை என் செய்வான்? ஆண்டுக் குத்தகைக்கு விட்டான். கீழ்ப் பர்மாவில் குத்தகையாளர் ஆண்டுதோறும் மாறும் நிலை முன்னரே இருந்தது. இப்பொழுது அது பெருகிற்று. ஓராண்டுக்கு மேல் உறுதியில்லாத உழவன் நிலத்துக்கு எரு இடான், வரப்பைப் பேணான். நிலத்தின் உரிமையாளனும் நிலையாக இலன். அவன் முகவனும் நிலையாக இலன். உழுபவனும் நிலையாக இலன். வந்து போவோன் ஏற்பாடு, இருந்து வாழ்வோனையும் வந்து போவோனாக ஆக்கிவிட்டது. நகரத்தார்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுள் வட்டி மிகுதி என்பது அத்துணை வலிவுடையதன்று. பிற வட்டிக்காரரினும் அவர் வட்டி குறைவே என்பதை விசாரணைக் குழுவே உணர்ந்திருந்தது. நிலையாமையை ஒரு நாட்டின் நிலத்தின்மேல் பரப்பியதே அவர் ஏற்பாட்டின் மெய்யான குறை என்பது எம் கருத்து.

7. அயலார்

மேற்குத் திசையிலிருந்து வந்த அயலாரைப் பர்மியர் ‘கலா’ என்பர். 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்தனர். இரங்கூனின் நான்கு இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் உழைத்த தெலுங்கரும் தமிழரும் ஒடியரும் இவருள் அடங்குவர். நகரத்தார் தொகையில் மிகச் சிலரே. ஆயினும் பகைமையின் பெயர் அவர்மீதே விழுந்தது. 1930 மே திங்களில் துறைமுக வேலை குறித்து இரங்கூனில் கலகம் மூண்டது. அதில் மாண்டவர் பெரும்பாலும் கூலியாளர். அவ்வாண்டு திசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி எழுந்தது. 1937இல் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. 1938இல் மீண்டும் பெருங்கலகம் நிகழ்ந்தது. கப்பலில் நான்கு நாளில் சென்று சேரும் மற்றொரு மாகாணமாக இருந்த நாடு, சட்டப்படியும் வேற்று நாடாயிற்று.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க மற்றொரு தமிழ்க் கூட்டம் உண்டு. பெகு, தாட்டன் முதலிய மாவட்டங்களில் குடும்பத்தோடு சென்று உழவராய் நிலைத்தவர் அவர். அவரிடம் பணம் இல்லை, பேரேடு இல்லை. ஆனால் அவர் பர்மிய மொழியைப் பேசினர். அந்நாட்டு உடையை உடுத்தனர். தம் குலதெய்வங்களுக்கு அங்கேயே கோவில் எழுப்பினர். இன்றும் அப்பகுதிகளில் தமிழ்க் குடிகள் வாழ்கின்றன. தமிழ் எழுத்தை மறந்தவர் அவருட் பலர். ஆயினும் ஊரை இழந்தவர் அல்லர். செல்வம் படைத்தவர் நீங்க, செல்வமில்லாதவர் நிலைத்தனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் செல்வமோ வறுமையோ மட்டும் அன்று; ஒருவர் திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு சென்றார், மற்றவர் குறிக்காமற் சென்றார் என்பதே முதன்மையான காரணம்.

8. வீழ்ச்சி

1941 திசம்பர் 23ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் இரங்கூன்மேல் குண்டு வீசின. 1942 மார்ச்சுத் திங்களில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் பெற்றவர் சிலர். அரக்கான் மலைவழியாகவும், தாமு வழியாக மணிப்பூருக்கும், ஊகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தவர் பல்லாயிரவர். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அவ்வாறு வெளியேறினர் என்பர். பசியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோரும் பல்லாயிரவரே. இரங்கூனில் ‘ஜோதி’ என்னும் இதழை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா, தாம் நடந்து மீண்ட வரலாற்றைத் தனி நூலாக எழுதியுள்ளார். அது தமிழில் அமைந்த அரிய சான்று.

போர் முடிந்தபின் சிலர் திரும்பிச் சென்றனர். 1948 சனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. 1953இல் மற்றொரு சட்டம் அதனை நிறைவாக்கிற்று. நகரத்தாரின் நிலங்கள் அரசின் வசமாயின. இழப்பீடாகக் குறிக்கப்பட்ட தொகை நிலத்தின் மதிப்புக்கு முன் மிகச் சிறிது. பட்டாக்களும் ஈட்டுப் பத்திரங்களும் வெறுந்தாள் ஆயின. 1962இல் நீ வின் தலைமையில் படையாட்சி ஏற்பட்டது. 1963இல் வங்கிகளும், 1964இல் கடைகளும் நாட்டுடைமையாயின. அதே 1964இல் 50, 100 சாட் தாள்கள் செல்லாதன ஆக்கப்பட்டன. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அக்காலத்திற் கப்பலேறித் தாயகம் மீண்டனர். பெருங்கடைக்காரர் முன்னரே நீங்கிவிட்டமையால், இம்முறை மிகுதியும் துன்புற்றவர் சிறு வணிகரும் தொழிலாளரும் ஆவர். சென்னைத் துறைமுகத்தருகே அமைந்த பர்மா பஜாரும், தமிழகத்தின் பல ஊர்களிலுள்ள பர்மாக் காலனிகளும் அவர் வரவின் அடையாளங்கள். மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் தங்கிவிட்ட தமிழர், பர்மாவை நோக்கி நடந்து வழி அடைபட்டு நின்றவர் ஆவர்.

முதலாளியின் இழப்பு நிலத்திலும் பணத்திலும் கணக்கிடப்பட்டது. அடுத்தாளின் இழப்பை எவரும் கணக்கிடவில்லை. நாற்பது வயதில் ஊர் மீண்ட அவனுக்குத் தெரிந்தது கடைத்தொழில் ஒன்றே, அக்கடையோ இல்லை. தவணைக்கு ஒருமுறை சில திங்கள் மட்டும் கண்ட மனைவி மக்களோடு ஆண்டு முழுவதும் வாழ அவன் புதிதாய்ப் பழக வேண்டியிருந்தது. பர்மாவில் அயலானாய் இருந்தவன், தன் வீட்டிலும் சிலகாலம் அயலானாய் இருந்தான்.

9. சான்றுகளும் நம் கடமையும்

இவ்வாழ்க்கை தமிழ் எழுத்தில் எவ்வளவு பதிவு பெற்றுள்ளது? இரங்கூனிலிருந்து ‘தனவணிகன்’ போன்ற இதழ்கள் வெளிவந்தன, ஏ.கே. செட்டியார் அதன் ஆசிரியராக இருந்தவர். கடையில் வேலைபார்த்த இளைஞனின் உள்ளத்தைப் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959) காட்டுகின்றது. ஆனால் அதன் களம் மலேயா. பர்மாவின் அடுத்தாளும் பெட்டியடியும் இலக்கியத்தில் ஏறக்குறைய ஊமையர். அவர் ஆண்டுக்கணக்கில் எழுதியது உண்டு; அது கவிதையன்று, கதையன்று; பேரேடும் கடிதமுமே. பர்மாக் கணக்கேடுகள் சில வீடுகளில் இன்னும் எஞ்சியுள்ளன. பல, வீடு பிரிக்கப்பட்டபோது பழந்தாள் விலைக்குப் போயின. எஞ்சியவற்றைத் தொகுத்துப் படிக்கத் தமிழ் எண்களையும் கணக்குக் குறியீடுகளையும் அறிந்தவர் வேண்டும். அவ்வறிவும் குறைந்து வருகின்றது. வணிகரின் ஏடு பொருளியலார்க்கே உரியது என்று தமிழ்த்துறைகள் ஒதுங்குதல் முறையன்று. பாலைத்திணையின் உரைகளைக் கற்பார், அத்திணை வாழ்க்கையின் அண்மைக்காலச் சான்றுகளையும் காத்தல் வேண்டும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால், மூன்றாண்டுத் தவணை என்னும் ஏற்பாடு நகரத்தார் தொழிலுக்கு நாணயத்தையும் ஒழுங்கையும் ஏற்றத்தையும் தந்தது என்பதும், முகவரை அந்நாட்டு மக்களினின்றும் தன் குடும்பத்தினின்றும் ஒருங்கே பிரித்தது என்பதும், நிலம் கைக்கு வந்த காலத்தில் அந்நிலையாமை உழவன்மீதும் படர்ந்து பகைமையாக விளைந்தது என்பதும் புலனாகும். அவர் கவர்ந்தவரும் அல்லர், வெறும் இரங்கத்தக்கவரும் அல்லர். தாம் தங்கப்போவதில்லை என்று உறுதிகொண்ட ஒரு நாட்டின் உள்ளத்தில் இடம்பெறத் தவறியவர்.

தவணை குறித்து அயல்நாடு செல்லும் வழக்கம் தமிழரிடத்தில் முடிந்துவிடவில்லை. வளைகுடா நாடுகளுக்கு ஒப்பந்தக் காலம் பேசிச் செல்வோர் இன்றும் பலர். அவர்க்குப் பேரேடும் இல்லை, கிட்டங்கியும் இல்லை. தங்குவதா மீள்வதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெரும்பாலும் அவர் கையிலும் இல்லை. எனினும் ஊரில் எழும் வீடும், அவ்வீட்டில் வாழக் கிடைக்கும் நாள்களின் குறைவும் ஒன்றே. பர்மா சென்றாரின் வரலாற்றைப் பிழையற அறிந்துகொள்ளுதல், இறந்தகாலத்தார்க்கு மட்டும் ஆற்றும் கடமையன்று.